உத்தரவாதம் பேங்குக்கு, தவணை எனக்கு

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்காக 20,000 கோடி ரூபாய்க்கு ஒரு கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் திருப்பூர் ஆடிப்போயிருந்த நேரம். அங்கே பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மச்சினன் போன் போட்டு, "மாமா, கொரோனா சமயத்துல நீங்க இதே மாதிரி ஒண்ணு வாங்கினீங்கல்ல? நான் எடுக்கலாமுங்களா?" என்று கேட்டான். போனில் அவனுக்குச் சொன்னதையும், கொஞ்சம் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் வாங்கியது இசிஎல்ஜிஎஸ், அதாவது அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம். 2020 ஜூனில் 8 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது, 2024 ஜூனில் கடைசித் தவணை போனது. கோவையில் நானும் தம்பியும் பார்ட்னர்ஷிப்பில் நடத்தும் பட்டறை. பம்ப் ஷாஃப்ட், ஸ்லீவ், புஷ் எல்லாம் கடைசல் பிடித்துக் கொடுக்கிறோம். இரண்டு சிஎன்சி, மூன்று பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின். இந்தத் திட்டத்தைப் பற்றி நிபுணர்கள் டிவியில் மணிக்கணக்கில் பேசினார்கள். வாங்கிப் பயன்படுத்திக் கட்டி முடித்தவன் எழுதிய விமர்சனம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட கணக்குகளுக்குப் போன சரக்கு இது. ஒரு ஆளாவது எழுதியிருக்கலாம்.

முதலில் சரக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். 2020 மே 12-ம் தேதி இரவு பிரதமர் 20 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார். மறுநாளிலிருந்து நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சொன்னார். கடைசியில் கூட்டிக் காட்டிய தொகை 20.97 லட்சம் கோடி. அதில் 8 லட்சம் கோடிக்கு மேல் ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குத் திறந்துவிட்ட பணப்புழக்கம். அது பட்டறைக்காரன் பையில் விழும் பணம் அல்ல. சிறு, குறு, நடுத்தரத் தொழிலுக்கென்று சொன்ன 3 லட்சம் கோடியும் அரசு கஜானாவிலிருந்து உடனே கிளம்பும் பணம் கிடையாது. பேங்க் தன் பணத்தைக் கடனாகக் கொடுக்கும், திரும்பி வராவிட்டால் அரசு கட்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் செய்தியில் கேட்டபோது என் அம்மா உட்பட எல்லோரும், அரசாங்கம் பட்டறைகளுக்குப் பணம் தருகிறது என்றுதான் புரிந்துகொண்டார்கள். எங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒருவர் அடுத்த நாளே, "உங்களுக்குத்தான் வருதாமே" என்று கேட்டு வந்துவிட்டார்.

விதிமுறைகள் எளிமையானவை. 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பேரில் எவ்வளவு கடன் நிலுவையோ, அதில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். புதிதாக அடமானம் எதுவும் வைக்க வேண்டாம். நான்கு வருடக் கெடு. முதல் 12 மாதம் அசல் கட்ட வேண்டாம், வட்டி மட்டும். பேங்குகள் 9.25 சதவீதத்துக்கு மேலும், வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் 14 சதவீதத்துக்கு மேலும் வட்டி வாங்கக் கூடாது. உத்தரவாதத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. எங்கள் சிசி கணக்கில் (அன்றாடத் தொழில் செலவுக்கு எடுத்துக் கட்டும் பேங்க் கடன்) 22 லட்சம், மெஷின் லோனில் 18 லட்சம், ஆக 40 லட்சம் நிலுவை. அதில் 20 சதவீதம் 8 லட்சம்.

வேகத்துக்கு முழு மார்க் போடலாம். இதில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. ஒரு மெஷின் லோனுக்கு ஆடிட்டர் ரிப்போர்ட், புராஜெக்ட் ரிப்போர்ட், மூன்று கொட்டேஷன், இடத்தைப் பார்க்க ஒரு ஆபீசர் என்று மாதக்கணக்கில் இழுக்கும் அதே பிராஞ்சிலிருந்து, "சார், உங்களுக்கு எலிஜிபிள் ஆகுது, வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று அவர்களாகவே கூப்பிட்டார்கள். இது வேண்டும் என்று கேட்டு வாங்குவது அல்ல, வேண்டாம் என்றால்தான் சொல்ல வேண்டும் என்கிற மாதிரித் திட்டம். பேங்க் என்னைத் தேடி வந்தது எங்கள் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மேனேஜர் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் காரணம் பேப்பரைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

சிசி லிமிட்டுக்கு ஏற்கெனவே எங்கள் வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. இந்தக் கடனுக்கும் அதே சொத்தின் மேல் இரண்டாவது சார்ஜ், அதாவது பழைய கடனுக்கு அடுத்தபடியான அடமான உரிமை, என்று ஒரு பாரா இருந்தது. "கவர்மென்ட்டே நூறு பர்சன்ட் கியாரண்டி குடுக்குதுங்களே, அப்புறம் எங்க வீட்டு மேல எதுக்குங்க சார்?" என்று கேட்டேன். மனிதர் நல்லவர், மழுப்பவில்லை. "கியாரண்டி எங்களுக்குங்க சார். உங்களுக்கு இல்ல."

இந்த விமர்சனத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் அந்த வரியைப் படித்துவிடுங்கள். நான் தவணை தவறி, கணக்கு என்பிஏ, அதாவது வாராக் கடன், ஆனால், பேங்க் என்சிஜிடிசி என்கிற அரசு நிறுவனத்திடம் உரிமை கோரும். 75 சதவீதம் முதலில் போகும், வசூல் நடவடிக்கைகள் முடிந்த பிறகு மீதி. பேங்க் நிமிர்ந்துவிடும். என் கடன் அப்படியே இருக்கும். சிபில் ஸ்கோர் தரைக்குப் போகும், வசூல் செய்யப் பேங்கே மறுபடியும் என் வாசலுக்கு வரும். அடுத்த பத்து வருடத்துக்கு என்னால் ஒரு டூவீலர் லோன்கூட வாங்க முடியாது. காப்பாற்றப்படுவது யார் என்று பார்த்தால், பிப்ரவரி 29 அன்று எனக்கு 40 லட்சம் கொடுத்துவிட்டுத் திண்டாடிக்கொண்டிருந்த பேங்க்தான். நான் முழுகினால் அந்தப் பழைய 40 லட்சம் வாராக் கடன். 8 லட்சத்தைக் கையில் கொடுத்து என்னை மிதக்கவிட்டால் பழைய கடனுக்கும் வட்டி ஓடும், புதுக் கடனுக்கு அரசு பின்னால் நிற்கும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் மாஸ்க்கை இறக்கிச் சிரித்திருப்பேன்.

கூடவே ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசியையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். "கட்டாயம் இல்ல, ஆனா இருந்தா நல்லது" என்கிற பழைய பாட்டு. விதியில் அப்படி எதுவும் இல்லை என்று ஆடிட்டர் சொன்னதால் மறுத்துவிட்டேன். கேட்காமல் ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

சரி, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு வருகிறேன். எனக்கு இன்றுவரை உறுத்துவது இதுதான்.

எங்கள் பட்டறைக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு பையன் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்கிறான். பையன் என்று சொல்கிறேன், நாற்பதைத் தாண்டியவன். அவன் அப்பா கடன் வாங்கிக் கஷ்டப்பட்டதைப் பார்த்து வளர்ந்ததால் பேங்க் பக்கமே போக மாட்டான். பழைய மெஷினைச் சேர்த்து வைத்த காசில் வாங்குவான், ஜிஎஸ்டி ஒழுங்காகக் கட்டுவான், ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் தவறியதில்லை. மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது அவன் பட்டறையும் பூட்டியது, என் பட்டறையும் பூட்டியது. அவனிடம் வேலை செய்த ஒடிசாப் பையன்களும் ரயில் ஏறிப் போனார்கள், என்னிடம் இருந்தவர்களும் போனார்கள். நஷ்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். திட்டத்தில் அவனுக்குக் கிடைத்தது பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தில் 20 சதவீதம் பூஜ்ஜியம்தானே.

"அண்ணா, நானும் ஒரு அம்பது லட்சம் கடன் வாங்கி வச்சிருக்கோணுமுங்க. அதுதானுங்க நான் செஞ்ச தப்பு" என்று ஒரு நாள் டீக்கடையில் சொன்னான். கிண்டலாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அந்த வருடம் ஒரு கிரைண்டிங் மெஷினை விற்றான். நான் விற்கவில்லை. என் சாமர்த்தியம் அதில் எதுவும் இல்லை. நான் கடன்காரனாக இருந்தேன், அவன் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்ரவரியிலேயே தவணை ரொம்பத் தவறி, 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருந்தவர்களுக்கும் கிடையாது. அதாவது, ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருந்தவனுக்கு இல்லை, கடனே இல்லாமல் நின்றவனுக்கும் இல்லை. கடன் இருக்கிற, ஆனால் தவணையும் கட்டுகிற நடுவாந்தர ஆசாமிக்கு மட்டும். பேங்கின் கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் இதில் அர்த்தம் இருக்கிறது. ஊரடங்கில் யாருக்கு அடி விழுந்தது என்று பார்த்தால் அர்த்தம் இல்லை.

நம்ம ஊரில் இது புதிதும் இல்லை, மத்திய அரசின் தனிச் சொத்தும் இல்லை. 2021-ல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. என் பெரியம்மா அதே வருடம் தை மாதம் கஷ்டப்பட்டுப் பணம் புரட்டித் தன் சங்கிலியை மீட்டிருந்தார். மீட்காமல் விட்டிருந்தவர்களுக்குத்தான் தள்ளுபடி வந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. அதற்கப்புறம் எந்தக் கூட்டுறவுக் கடனையும் கெடுவுக்கு முன்னால் கட்டுவதில்லை என்று மட்டும் முடிவு செய்துவிட்டார். அதற்கு முன், அதே ஆண்டு பிப்ரவரியில், 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி. ஆட்சி மாறினாலும் வழக்கம் மாறவில்லை. விவசாயியின் கஷ்டத்தைக் குறை சொல்லவில்லை. கடன் வாங்கியவனுக்கு மட்டும் கண் திறக்கிற அரசு, வாங்காமல் சமாளித்தவனுக்கு என்ன பாடம் சொல்லித் தருகிறது என்பதுதான் என் கேள்வி.

இனி, பணத்தை என்ன செய்தேன். சம்பளம், வாடகை, இபி பில். ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட நான்கு ஆட்களுக்கு முழுச் சம்பளம் இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்குக் குறையாத அளவுக்குக் கொடுக்க முடிந்தது. திட்டத்தின் உண்மையான பலன் அதுதான். அது இல்லாவிட்டால் நான் வட்டிக்காரரிடம் போயிருப்பேன், அவர் மாதம் மூன்று வட்டி கேட்டிருப்பார். அதனால் இதை மோசமான சரக்கு என்று என்னால் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் 7.5 சதவீதம் வட்டி, மாதம் 5,000 ரூபாய். எங்கள் மாதிரிப் பட்டறைக்கு அந்த விலையில் பணம் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

ஆனால் ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் தம்பி லெட்ஜரை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். எங்களுக்கு வேலை கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று, பெயர் வேண்டாம், ஊரடங்குக்கு முன்பே முடித்துக் கொடுத்த வேலைக்கு 11 லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. 8 லட்சம் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருந்த நாங்கள், 11 லட்சத்தை வட்டியில்லாமல் அவர்களுக்குக் கடனாகக் கொடுத்து வைத்திருந்தோம். அவர்கள் அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால் இந்தத் திட்டமே எங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. தீபாவளிக்குக் கொஞ்சம், பொங்கலுக்குக் கொஞ்சம் என்று கொடுத்தார்கள். கடைசிப் பில்லில் 'கொரோனா டிஸ்கவுன்ட்' என்று 3 சதவீதம் கழித்துக்கொண்டார்கள். அந்த 3 சதவீதம், ஒரு மாத வட்டியைவிட அதிகம்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மேம்பாட்டுச் சட்டம், சிறு தொழிலிடம் வேலை வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அப்போது பேங்க் ரேட் 4.25. ஆக 12.75 சதவீதம் எங்களுக்கு வர வேண்டியது. 2017 முதல் சமாதான் என்று ஒரு புகார் தளமும் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தவனுக்கு அடுத்த மாதம் ஆர்டர் வருமா? கோவையில் எந்த ஜாப் ஒர்க்காரனிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பதில் ஒன்றுதான். சட்டம் பேப்பரில் என் பக்கம் இருக்கிறது, டெலிவரி சலான் அவர்கள் கையில் இருக்கிறது.

அரசு அந்த ஒரு சட்டத்தை, அந்த ஒரு வருடம் மட்டும், தானே முன்வந்து அமல்படுத்தியிருந்தால்? புகார் கொடுக்கும் பாரத்தை எங்கள் தலையில் போடாமல், ஜிஎஸ்டி தளத்தில் எங்கள் இன்வாய்ஸ் தேதி, அவர்கள் எடுத்த உள்ளீட்டு வரி எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே, அதைப் பார்த்துக் கேட்டிருந்தால்? ஒரு பைசா கியாரண்டி தேவையில்லை. எனக்கு மட்டும் அல்ல, கடன் வாங்காத கிரைண்டிங் பையனுக்கும் பணம் வந்திருக்கும். ஆனால் அதில் தலைப்புச் செய்திக்கு ஏற்ற பெரிய தொகை எதுவும் இல்லை. பெரிய கம்பெனிகளுக்கு எரிச்சல் வேறு வரும்.

2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு வந்தது. 45 நாளுக்குள் குறு, சிறு தொழிலுக்குப் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. கொஞ்சம் பல் உள்ள விதி. அந்த வருடம் மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் கணக்கில் விழுந்த பணத்தைப் பார்த்துத் தம்பி பேங்க் தப்பாகப் போட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டான். இதை 2020-லேயே செய்திருக்கலாம் என்பதைத் தவிர எனக்கு இதில் குறை எதுவும் இல்லை. இன்னொரு பக்கம், உத்யம் என்கிற சிறு தொழில் பதிவு இல்லாத ஆளிடம் சரக்கு வாங்கலாமா என்று யோசித்த கம்பெனிகளும் உண்டு. நம் ஆட்கள் ஓட்டை கண்டுபிடிப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல.

தவணை ஒத்திவைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே வந்தன. ரிசர்வ் வங்கி முதலில் மார்ச் முதல் மே வரை, பிறகு ஆகஸ்ட் வரை ஒத்திவைத்தது. ஒத்திவைப்பு தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை. சிசி கணக்கில் அந்த ஆறு மாத வட்டியைத் தனிக் கடனாக மாற்றி 2021 மார்ச் 31-க்குள் கட்டச் சொன்னார்கள். விஷயம் உச்சநீதிமன்றம் வரை போன பிறகுதான் 2 கோடி வரையிலான கடன்களுக்கு வட்டிக்கு வட்டியை மட்டும் அரசு ஏற்றுக்கொண்டது. நவம்பரில் எங்கள் கணக்கில் அந்தக் கருணைத் தொகை வந்து விழுந்தது. அதில் ஒரு டூல் ஹோல்டர் வாங்கலாம், இன்சர்ட் தனி.

12 மாதம் முடிந்து அசல் ஆரம்பித்தபோது 2021 ஜூலை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இரண்டாம் அலையில் தமிழ்நாடு மறுபடியும் பூட்டப்பட்டிருந்தது. மாதம் 25,000 தவணை. ஸ்டீல் விலை ஏறிக்கொண்டிருந்தது, ஜாப் ஒர்க் ரேட்டை ஏற்றிக் கேட்டால், "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பார்கள். அதே சமயத்தில் பேங்கிலிருந்து, இன்னும் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். கடனை மறுசீரமைத்தால் கெடுவும் ஐந்து வருடம் ஆகும். கடனைக் கட்டக் கடன். வேண்டாம் என்றேன். மறுசீரமைப்பு என்கிற முத்திரை கணக்கில் விழுந்தால் அடுத்த மெஷின் லோனுக்கு வட்டி ஏறும் என்று ஆடிட்டர் எச்சரித்தார். அந்த ஆடிட்டருக்கு இந்த விமர்சனத்தில் ஐந்துக்கு ஐந்து.

2022 மேயிலிருந்து ரிசர்வ் வங்கி, பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 4-லிருந்து படிப்படியாக 6.5 வரை ஏற்றியது. எங்கள் கடனும் ஏறி 9.25 உச்சவரம்பில் போய் முட்டி நின்றது. உச்சவரம்பு இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும், அதனால் அந்த விதி எழுதியவருக்கு நன்றி. மொத்தமாகக் கட்டிய வட்டி சுமார் 1.6 லட்சம். நான்கு வருடத்துக்கு 8 லட்சம் பயன்படுத்தியதற்கு அது அநியாயம் இல்லை. வட்டியைவிட, 2022 செப்டம்பரில் ஏறிய இபி நிலைக்கட்டணம்தான் எங்களை அதிகம் நெருக்கியது. ஒரு கையால் மத்திய அரசு கடன் கொடுக்கிறது, இன்னொரு கையால் மாநில மின்வாரியம் வாங்கிக்கொள்கிறது. நிதிச்சுமை அவர்களுக்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தச் சுமையின் கதை தனி.

ஒரு சரக்கை எடைபோடும்போது அதே கம்பெனியின் மற்ற மாடல்களையும் பார்ப்பது வழக்கம். பெரியவர்களுக்கு அதே அரசு கொடுத்த மாடல்கள் வேறு.

வோடஃபோன் ஐடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுக்குக் கட்ட வேண்டிய ஸ்பெக்ட்ரம் (அலைக்கற்றை) பாக்கிக்கும், ஏஜிஆர் என்கிற வருமானப் பங்குப் பாக்கிக்கும் 2021 செப்டம்பரில் நான்கு வருட ஒத்திவைப்பு. ஒத்திவைத்த காலத்து வட்டி 16,133 கோடியை 2023 பிப்ரவரியில் பங்காக மாற்றிக்கொண்டார்கள், பங்கு ஒன்று 10 ரூபாய் கணக்கில். சந்தையில் அப்போது அதைவிடக் குறைந்த விலைக்கே கிடைத்தது. 2025-ல் இன்னும் 36,950 கோடி அதே மாதிரி மாறியது, அரசின் பங்கு 48.99 சதவீதம். நானும் மேனேஜரிடம் போய், "சார், இந்த வருஷம் வட்டி கட்ட முடியல, பட்டறையில 48.99 பர்சன்ட் எடுத்துக்கோங்க, ஆனா லேத்தை நாங்கதான் ஓட்டுவோம்" என்று சொல்லிப் பார்க்கலாம் என்று தம்பி சொன்னான். ஊரில் இரண்டு தனியார் செல்போன் கம்பெனி மட்டும் மிஞ்சினால் ரீசார்ஜ் விலை என்ன ஆகும் என்பது நியாயமான பயம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த நியாயத்தை எங்கள் கணபதி வீதிக்கு யாரும் கொண்டுவந்து பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பேங்குகளுக்குள்ளேயே கூட ஒரே அளவுகோல் இல்லை. 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் தடுமாறியபோது ஸ்டேட் பேங்க் தலைமையில் பணம் இறக்கிக் காப்பாற்றினார்கள். பழைய பங்குதாரர்களுக்குப் பங்கு மிஞ்சியது, பெரும்பகுதியை மூன்று வருடம் விற்க முடியாது என்பதுதான் நிபந்தனை. 8,415 கோடிக்கு ஏடி-1 பத்திரம் (பேங்க் நொடித்தால் திருப்பித் தராமல் கழித்துவிடக்கூடிய கடன் பத்திரம்) வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதே வருடம் நவம்பரில், 1926-ல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் பேங்கை டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு சேர்த்தார்கள். டெபாசிட் வைத்தவர்கள் தப்பித்தார்கள். பங்குதாரர்களுக்கு மொத்தமும் பூஜ்ஜியம். கரூர், நாமக்கல் பக்கம் தாத்தா காலத்திலிருந்து அந்தப் பங்கைப் பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். பங்கு வாங்கினால் நஷ்டமும் வரும், அது விளையாட்டின் விதி. எட்டு மாதத்துக்குள் விதி இரண்டு விதமாக இருந்ததுதான் எனக்கு இடிக்கிறது.

2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று அரசே சொன்னது. அது கடன் அல்ல, திரும்பக் கட்ட வேண்டியதும் அல்ல. எங்களை மாதிரிப் பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு அன்றும் 30, இன்றும் 30. பெரியவனுக்குச் சலுகை வரியாக வருகிறது, நடுவில் இருப்பவனுக்குப் பங்கு மாற்றமாக வருகிறது, எனக்கு வட்டியோடு வருகிறது.

அதனால் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. வேகத்துக்கும் வட்டிக்கும்தான் அந்த இரண்டரை. தேர்ந்தெடுத்த விதத்துக்கும், மீட்பு என்று பெயர் வைத்து விற்றதற்கும் மீதியைக் கழித்துவிட்டேன். கடன் முடிந்த பிறகு நோ டியூ சான்றிதழ் வாங்கவும், இரண்டாவது சார்ஜை நீக்கவும் அலைந்ததற்கு இன்னும் கால் மார்க் குறைக்கலாம். கொடுக்கும்போது போன் போட்டுக் கூப்பிட்டவர்கள், முடிக்கும்போது "சர்வர் டவுன் சார்" என்றார்கள்.

மச்சினனிடம் மூன்று விஷயம் கேட்டேன். வாங்குகிற பணம் சம்பளத்துக்கும் நூலுக்குமா, இல்லை பழைய பாக்கிக்கா? வெளிநாட்டு பையர் ஆர்டரைத் தள்ளிப் போட்டிருக்கிறானா, ரத்தே செய்துவிட்டானா? தள்ளிப் போட்டிருந்தால் எடு, ரத்து செய்திருந்தால் எடுக்காதே, ஏனென்றால் வராத ஆர்டருக்கு வாங்கிய கடன் வருகிற ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடும். மூன்றாவது, பேங்க் கொடுக்கும் பேப்பரில் வீட்டுப் பத்திரம் எங்கே வருகிறது என்று பார். அவன் முதல் இரண்டுக்குப் பதில் சொன்னான். மூன்றாவதுக்கு, "அப்பாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க மாமா" என்றான்.

எங்கள் பிராஞ்சுக்கு இப்போது புது மேனேஜர். மெஷின் வாங்க 60 சதவீதம் அரசு உத்தரவாதத்தோடு ஒரு திட்டம் வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரும் கூப்பிட்டார். மெஷின் இருக்கிறது சார், பில் பணம்தான் வருவதில்லை, அதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். டிரெட்ஸ் தளத்தில் பில்லைப் போட்டு உடனே பணமாக்கலாமே என்றார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பையர் கம்பெனியும் அதில் சேர்ந்து பில்லை ஒத்துக்கொள்ள வேண்டும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் கட்டாயம் சேர வேண்டும் என்பது விதி. எங்கள் பையரின் அக்கவுண்டன்ட்டிடம் விசாரித்தேன். அவர்கள் விற்றுமுதல் அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கிறதாம்.